நூல் தரும் நிறம், கை தரும் நிறம்

பல நிறக் கம்பளிச் சாக்ஸ் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதைத் திருப்பி உட்புறத்தைத்தான் பார்ப்பேன். வெளிப்புறம் அழகைக் காட்டும். அந்த அழகு எப்படி வந்தது என்பது உட்புறத்தில் இருக்கும். உள்ளேயும் ஒற்றை நூல் சீராக ஓடியிருந்தால், அதன் நிறங்களை வைத்தது நூல் ஆலை. பின்னியவர் ஒரே நூலை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். நீலம் முடிந்து பச்சையும், பச்சை முடிந்து மஞ்சளும் தாமாக வந்து விழுந்திருக்கின்றன. உள்ளே ஒரு நிறத்திலிருந்து அதே நிறத்தின் அடுத்த இடத்துக்குச் சிறு சிறு நூல்கள் தாவிப் போயிருந்தால், ஒவ்வொரு கண்ணியிலும் எந்த நிறம் என்று முடிவு செய்தது ஒரு கை.

முதல் வகைக்கு இன்றைய தாயகம் ஜெர்மனி. ஓப்பல், ரெகியா என்ற பெயர்களில் வரும் சாக்ஸ் நூல்களை உலகெங்கும் பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்கள் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். இரண்டாம் வகை உலகின் பல மூலைகளில் உண்டு. நமக்கு அருகில் அதன் நல்ல மாதிரி இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கின் சாக்ஸ். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. லாஹௌல் பெண்கள் கைக்கு இந்தப் பின்னல் ஊசி வந்ததே ஜெர்மனியிலிருந்துதான்.

1850-களின் நடுவில், சாக்சனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட மொராவியத் திருச்சபை, ஹைடே, பாகெல் என்ற இரண்டு மிஷனரிகளை மங்கோலியாவுக்கு அனுப்பியது. திபெத்தைக் கடக்க வழி கிடைக்காததால் அவர்கள் லாஹௌலின் கேலாங்கில் தங்கிவிட்டார்கள். 1859-இல் ஹைடேயின் மனைவியாக மரியா அங்கே வந்து சேர்ந்தார். தென்னமெரிக்காவின் சூரினாமில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர் அவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 1898 வரை, அந்தக் குளிர்ப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார். உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்து அவர் நடத்திய பின்னல் பள்ளிதான் லாஹௌல் சாக்ஸின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கேலாங் மிஷனைப் பற்றிப் படிக்கிறவர்கள், அங்கே பணியாற்றிய இன்னொரு மிஷனரியான யேஷ்கேயின், 1881-இல் வெளிவந்த திபெத்திய-ஆங்கில அகராதியைத்தான் முதலில் சொல்வார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளில் உயிரோடிருப்பது மரியாவின் பாடம்.

ஊசிகள்தான் சாக்சனியிலிருந்து வந்தன. நிறங்கள் வரவில்லை. ஐரோப்பியக் குடும்பங்களில் அன்றாடத்துக்கு அன்று பின்னப்பட்டவை பெரும்பாலும் சாம்பல், கறுப்பு, வெள்ளைக் காலுறைகள். லாஹௌல் பெண்கள் அந்தப் பின்னலை எடுத்துக்கொண்டு, குல்லு சால்வைகளின் கரையில் நாம் பார்க்கும் சாய்சதுரங்களையும் நட்சத்திரங்களையும் ஒத்த வடிவங்களைச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஊதாவிலும் அதில் ஏற்றினார்கள். லாஹௌலுக்குப் போகும் வழியான ரோத்தாங் கணவாய் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி அதன் அடியில் அடல் சுரங்கப் பாதை திறக்கும் வரை, பனி விழுந்தால் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் வெளியுலகத்தோடு தொடர்பற்றுக் கிடக்கும். வயலில் வேலை இல்லை. அடுப்பைச் சுற்றி அமர்ந்து பின்னிய கைகளிடமிருந்து வந்தது அந்த வண்ணம்.

ஜெர்மனியில் நிறம் வேறு வழியில் வந்தது. அங்கும் சாக்ஸ் பின்னல் பாட்டிமாரின் வேலையாகத்தான் நெடுங்காலம் இருந்தது. 1990-களின் இறுதியில் தானாகக் கோடு போடும் நூல்கள் கடைக்கு வந்தபின் அந்த வேலைக்குப் புதுக் கூட்டம் சேர்ந்தது. ஓப்பல் நூலின் ஊர் தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹெஹிங்கன். வண்ணங்களுக்காகவே பெயர்பெற்ற கேஃப் ஃபாசெட், நார்வேயிலிருந்து எழுதும் ஆர்னே, கார்லோஸ் இணை போன்றவர்கள் ரெகியாவுக்கு நிறத்தொகுப்புகள் அமைத்துத் தந்திருக்கிறார்கள். அதாவது இங்கே நிறம் வைப்பது தனி ஒருவரின் தொழில். அதை வாங்கிப் பின்னுவது இன்னொருவரின் மகிழ்ச்சி.

இந்த நூல் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அதன் மேல் மதிப்பு கூடும். வழக்கமான நான்கிழைச் சாக்ஸ் நூலில் 100 கிராம் உருண்டைக்கு ஏறத்தாழ 420 மீட்டர் இருக்கும். முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். பெண்களின் 38, 39 அளவுப் பாதத்துக்கு 60 கண்ணிகள். ஐந்து ஊசிகளில் நான்கில் பதினைந்து பதினைந்தாகக் கண்ணிகள் நிற்கும். ஐந்தாவது ஊசி பின்னிக்கொண்டே சுற்றி வரும். இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில் ஒரு சுற்று முடிய முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நூல் செலவாகும். ஆகவே மூன்று சுற்றுக்கு ஒரு நீலக் கோடு வேண்டுமென்றால், ஆலையில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நூலை நீலமாகச் சாயமேற்றியிருக்க வேண்டும். நிறத்தை வடிவமைப்பவர் கோட்டை வரைவதில்லை. நூலின் நீளத்தைக் கணக்கிடுகிறார். அந்த நீளத்தைக் கோடாக மாற்றுவது நம் காலின் சுற்றளவு.

இதனால்தான் ஒரே உருண்டை ஆளுக்கு ஆள் வேறு உருவம் எடுக்கிறது. 48 கண்ணிகள் கொண்ட குழந்தைச் சாக்ஸில் அதே இரண்டு மீட்டர் நீலம் ஏறக்குறைய நான்கு சுற்றாக அகலும். 72 கண்ணிகள் கொண்ட ஆண்கள் சாக்ஸில் இரண்டரைச் சுற்றாக ஒடுங்கும். சில நூல்களில் நீண்ட நிறத்துக்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும். அவை பின்னலில் புள்ளிகளாகச் சிதறி, தூரத்திலிருந்து பார்த்தால் இருநிறப் பூவேலைபோலத் தோன்றும். கிட்டப் போனால் அந்தப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக நிற்பதில்லை என்று தெரியும். எனக்கு அந்தப் போலிப் பூவேலையில் மனம் ஒட்டியதில்லை. சுத்தமான கோடுகள்தான் இந்த நூலின் உண்மையான குணம். மெல்ல மெல்ல ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கரைகிற ஷோப்பல் நிறுவனத்தின் சௌபர்பால் வகை நூல்களை அதற்கும் மேலே வைப்பேன்.

பின்னுகிறவருக்கு இதில் கிடைக்கும் இன்பம் எதிர்பார்ப்பு. உருண்டையின் வெளியே தெரிவது இரண்டு மூன்று நிறங்கள். உள்ளே இருப்பது கைக்கு வந்தால்தான் தெரியும். இந்தச் சுற்றோடு எழுந்துவிடலாம் என்று நினைக்கும்போது ஆரஞ்சின் நுனி தலைகாட்டும். அது எப்படி விழுகிறது என்று பார்க்காமல் ஊசியைக் கீழே வைக்க மனம் வராது. சாக்ஸ் பின்னுகிறவர்கள் தேவைக்கு மேல் நூல் வாங்கி அலமாரியை நிரப்பிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு உருண்டையும் இன்னும் திறக்காத ஒரு நிற வரிசை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது குதிகால் வரும். அங்கேதான் தானியங்கி நூல் தடுமாறும். குதிகாலின் பின்மடலைப் பாதிக் கண்ணிகளில், 30-இல் மட்டும், முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். கண்ணிகள் பாதியானால் கோடு இரட்டிப்பாகத் தடிக்கும். பிறகு மடலின் ஓரங்களில் புதுக் கண்ணிகள் எடுத்துச் சுற்றுக்குத் திரும்பினால், இப்போது கண்ணிகள் அறுபதுக்கு மேல், கோடு மெலியும். புறங்காலில் வந்துகொண்டிருந்த நிறமும், மடல் முடிந்து வருகிற நிறமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். ஜெர்மானியர்கள் பூமராங் குதிகால் என்று அழைக்கும் முறையில் வரிசைகளை ஓரத்திலிருந்து படிப்படியாகக் குறைத்து மீண்டும் விரிப்பதால், தனியே கண்ணி எடுக்கும் வேலை இல்லை. கோட்டின் அகலமும் முன்போலவே திரும்பிவிடும். பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் பெயரோடு அறியப்படும் இன்னொரு முறையில், குழாய்போல முழுச் சாக்ஸையும் பின்னிவிட்டு, குதிகால் வரவேண்டிய இடத்தில் ஒரு நூலை வெட்டித் திறந்து, அங்கே வேறொரு ஒற்றை நிறத்தில் குதிகாலைப் பின்னி அடைப்பார்கள். முதல் முறை வெட்டும்போது கை நடுங்கும். ஆனால் கோடுகள் கணுக்காலிலிருந்து விரல் வரை ஓர் இடத்திலும் முறியாமல் போவதைப் பார்த்தபின் நான் மற்ற முறைகளுக்குத் திரும்பவில்லை.

ஆக, நிறத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டாத சாக்ஸ், உருவத்தைப் பற்றி நம்மை ஆழமாக யோசிக்க வைக்கிறது. லாஹௌல் சாக்ஸில் யோசனை விழும் இடம் வேறு.

இருநிறப் பின்னலில் ஒரு சுற்றில் இரண்டு நூல்களும் கூடவே வருகின்றன. மூன்று கண்ணி சிவப்பு, இரண்டு கண்ணி வெள்ளை, மறுபடியும் மூன்று சிவப்பு என்று போனால், வெள்ளை வேலை செய்யும்போது சிவப்பு பின்னால் சும்மா தாவி நிற்கும். அந்தத் தாவல் நீளமாக இருந்தால் சாக்ஸை மாட்டும்போது கால்விரல் அதில் சிக்கும். ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஒரு நிறம் தொடர்ந்து வரக்கூடாது என்பது கைகள் தாமே கற்றுக்கொள்ளும் விதி. லாஹௌலானாலும் எஸ்தோனியாவானாலும் ஷெட்லாந்து தீவானாலும் இருநிறப் பின்னலில் சாய்சதுரமும் எண்முனை நட்சத்திரமும் சிறு சிலுவையும் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த விதியே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். நிறம் அடிக்கடி மாறும் வடிவங்கள்தான் அந்தத் தாவல்களைக் குட்டையாக வைக்கும். ஒரு மாதிரி இன்னொரு நாட்டுக்குப் போயிருக்கலாம்தான். போகாவிட்டாலும் ஊசியும் நூலும் எல்லோரையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு நூல்களில் எது எப்போதும் கீழே ஓடுகிறதோ அதன் கண்ணிகள் ஒரு நூலிழை அளவு பெரிதாக விழும். அந்த நிறம் மேலெழுந்து தெரியும். தேர்ந்த கை பூவின் நிறத்தைக் கீழேயும் பின்னணி நிறத்தை மேலேயும் வைத்து, முழுச் சாக்ஸிலும் அதை மாற்றாது. நடுவில் இடம் மாறினால் அந்தப் பட்டையில் பூ மங்கிப்போகும். நிறத்தேர்வுக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. சிவப்பும் பச்சையும் பார்வைக்கு எதிரெதிர் நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் சின்னக் கண்ணிகளில் கலந்து பழுப்பாகத் தெரியும். ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று இருந்தால்தான் வடிவம் நிற்கும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். கைபேசி இல்லாத காலத்து லாஹௌல் பெண்கள் கண்ணால் கண்டறிந்த பாடம் இது.

தாவும் நூல்கள் உள்ளே இன்னோர் அடுக்காக நிற்பதால் இருநிறச் சாக்ஸ் தடிமனாக, வெதுவெதுப்பாக இருக்கும். அதே காரணத்தால் அது இழுவைக்குக் கொடுக்காது. ஜெர்மன் நூல் சாக்ஸ் காலோடு ஒட்டி ஷூவுக்குள் அடங்கிவிடும். நைலான் சேர்ந்திருப்பதால் குதிகால் சீக்கிரம் தேயாது. மெஷினில் போட்டுத் துவைக்கலாம். லாஹௌல் சாக்ஸ் தளர்வாகப் பின்னப்பட்டு, குளிர் வீட்டின் தரையில் நடமாடுவதற்கு உகந்தது. அசல் கம்பளியில் பின்னியதை வெந்நீரில் முக்கினால் சுருங்கி இறுகிவிடும். பயன்பாட்டில் இவை போட்டியாளர்கள் அல்ல என்பதால் இந்த ஒப்பீட்டை நீட்ட விரும்பவில்லை.

ஜோடிப் பொருத்தம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஒப்பீடு. லாஹௌல் சாக்ஸில் இடது காலும் வலது காலும் ஒரே மாதிரி இருப்பது எண்ணிக்கையின் வெற்றி. முதல் காலில் எத்தனையாவது சுற்றில் மஞ்சள் நட்சத்திரம் தொடங்கியதோ, இரண்டாவதிலும் அதே சுற்றில் தொடங்க வேண்டும். மாதிரித் தாள் எதுவும் இல்லாமல், முதல் சாக்ஸையே மடியில் வைத்துப் பார்த்துப் பின்னும் முறை இது. கோட்டு நூலில் ஜோடி சேர்வது தொடக்கப் புள்ளியைப் பொறுத்தது. முதல் சாக்ஸை எந்த நிறத்தின் எந்த இடத்தில் தொடங்கினோமோ, உருண்டையில் அதே இடம் திரும்ப வரும்வரை நூலைப் பிரித்து எடுத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். இந்தச் சிரமத்தைப் போக்கவே ரெகியா ‘பேர்ஃபெக்ட்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. தொடங்க வேண்டிய இடத்தை ஒரு தொடக்க நூல் காட்டிவிடும். இரண்டு காலும் அச்சாக ஒன்றாக வரும்.

அந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலை நிறத்தை முடிவு செய்துவிட்டது, ஜோடியையும் அதுவே முடிவு செய்துவிட்டால் பின்னுகிறவருக்கு மிஞ்சுவது என்ன? இதில் நான் ஹுண்டர்ட்வாசரின் பக்கம். நேர்கோட்டை வெறுத்த அந்த ஆஸ்திரிய ஓவியர், இரண்டு கால்களில் இரண்டு வேறு நிறச் சாக்ஸ் அணிவதற்குப் பேர்போனவர். அவருடைய ஓவியங்களின் நிறங்களில் ஓப்பல் ஒரு தனி வரிசை நூல்களே வெளியிட்டது. அந்த நூலில் ஒரு காலைப் பச்சையில் தொடங்கி, நூலை வெட்டியெறியாமல் மற்றதை எந்த நிறம் வருகிறதோ அதில் தொடங்கினால், இரண்டும் உடன்பிறந்தவை என்று தெரியும். ஒன்றின் நகல் மற்றொன்று என்று தோன்றாது. லாஹௌல் பெண் எண்ணி எண்ணிப் பொருத்துவது அவள் உழைப்பின் கையெழுத்து. இயந்திர நூலில் அதே பொருத்தத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

பின்னல் தெரிந்தவர்களிடையே ஒரு மனப்பான்மை உண்டு. இருநிறப் பூவேலை செய்பவர் கலைஞர், கோட்டு நூல் பின்னுகிறவர் சோம்பேறி என்று. இது நியாயமற்றது. ஒரு ஜோடிச் சாக்ஸுக்குக் குறைந்தது இருபதாயிரம் கண்ணிகள் ஆகும். அதில் ஒன்றைக்கூட நூல் தானாகப் போட்டுத் தருவதில்லை. குதிகால் திருப்புவதைக் கற்பவருக்குக் கோட்டு நூலைவிட நல்ல ஆசான் இல்லை. எந்த வரிசையில் எண்ணிக்கை பிசகியது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்து வீடு திரும்பி அரை மணி நேரம் பின்னுகிறவருக்கு, எண்ணாமல் கிடைக்கும் வண்ணம் ஓர் இளைப்பாறல். நம் ஊர் வெயிலில் கம்பளிச் சாக்ஸ் போட ஆளில்லை என்றாலும், கனடாவிலும் நார்வேயிலும் உள்ள பேரப்பிள்ளைகளுக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பின்னி அனுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் கோட்டு நூல்தான்.

ஆனால் நிறத்தைக் கற்க வேண்டும் என்றால் கோட்டு நூல் உதவாது. எத்தனை உருண்டை பின்னினாலும், இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் என்ற முடிவை அது ஒருமுறைகூட நம்மிடம் விடுவதில்லை. அந்த அறிவு இரண்டு நூலைக் கையில் பிடித்து, தவறி, பிரித்து, மறுபடி பின்னினால்தான் வரும். லாஹௌல் சாக்ஸ் அந்த அறிவின் நூற்றைம்பது ஆண்டுச் சேமிப்பு. கலை என்ற அளவில் என் தீர்ப்பு அதன் பக்கம்தான்.

சந்தையின் தீர்ப்பு வேறாக இருக்கிறது. ஜெர்மன் நூல்கள் சிலவற்றில் நிறத்தை வடிவமைத்தவரின் பெயர் உருண்டையின் தாள்பட்டையில் அச்சாகி வருகிறது. வாங்குகிறவர் அந்தப் பெயருக்காகவும் பணம் தருகிறார். லாஹௌல் சாக்ஸில் நிறத்தை வைத்தவளும் அவள்தான், பின்னியவளும் அவள்தான். அவள் பெயர் எங்கும் இல்லை. லாஹௌல் பின்னல் சாக்ஸ், கையுறைகளுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பள்ளத்தாக்கின் பெயரைக் காக்கும். கைக்கு உரிய கூலியை அது தானாக வாங்கித் தராது. விலை குறையவேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, கம்பளியின் இடத்தில் மலிவான அக்ரிலிக் நூல் வந்து உட்காரும். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும். பனிக்காலத்துக் காலுக்குக் கம்பளியின் வெப்பத்தைத் தராது.

கோடை விடுமுறைக்கு மணாலி போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது சுரங்கப் பாதை வழியாக லாஹௌலுக்கும் போய்வருகின்றன. அங்கே சாக்ஸ் விற்கும் பெண்ணிடம் இது கம்பளியா, அக்ரிலிக்கா என்று கேளுங்கள். கம்பளி என்றால், அவர் சொல்லும் விலையில் பத்து ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல் வாங்குங்கள்.